பாரசீகத்துக் கிராமக் கம்பளங்கள்

பாரசீகக் கம்பளம் என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது அரண்மனை விரிப்புத்தான். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிலுள்ள அர்தபில் கம்பளம் அவ்வகையினது. பத்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய அதில், கி.பி. 1539-40க்கு இணையான ஹிஜ்ரி ஆண்டு பொறிக்கப்பெற்றுள்ளது. 1893இல் இரண்டாயிரம் பவுன் கொடுத்து அதனை வாங்கினர். அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும், தங்கள் வீட்டுத் தரைக்கும் அருகிலுள்ள சந்தைக்குமாகக் கிராமத்துப் பெண்கள் நெய்த விரிப்புகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். முதற் பார்வைக்கு அவை முரடாகத் தோன்றும். பழகப் பழக அவையே மனத்தைப் பற்றிக்கொள்ளும்.

காஷான், இஸ்பஹான், கெர்மான் போன்ற நகரங்களில் ஓவியர் ஒருவர் கட்டமிட்ட தாளில் ஒவ்வொரு முடிச்சுக்கும் உரிய நிறத்தைக் குறித்துத் தருவார். தறியில் இருப்போர் அதனைப் பார்த்து முடிச்சுப் போடுவர். கிராமத்தில் பெரும்பாலும் தாளுக்கு இடமில்லை. தாயிடம் கற்ற நினைவு உண்டு. சில ஊர்களில், பூவில் ஒன்றும் கரையில் ஒன்றுமாக மாதிரி நெய்த 'வகீரே' என்னும் சிறு துண்டு உண்டு. அவ்வளவே. ஆகவே கரையிலே ஓடிவரும் கொடி மூலைக்கு வந்ததும் அழகாக வளைந்து திரும்பாது, முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒருபுறம் ஏழு பூக்கள் இருந்தால் மறுபுறம் ஆறரை இருக்கும். இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதற்காக வேண்டுமென்றே பிழை வைத்தார்கள் என்று கம்பள வணிகர் கதை சொல்வதுண்டு. நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடம் முடிந்துவிட்டது, பூ முடியவில்லை. நெய்தவள் அதைப் பொருட்படுத்தவுமில்லை.

தப்ரீஸுக்குக் கிழக்கேயுள்ள ஹெரீஸ் வட்டாரத்தில் நகரத்து வளைகோடுகள் யாவும் நேர்கோடுகளாக மாறின. நடுவே பெரிய கோணப் பதக்கம், நான்கு மூலைகளிலும் அதற்கு விடைகூறும் முக்கோணங்கள். தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். ஹமதானைச் சுற்றியுள்ள எண்ணற்ற சிற்றூர்களிலோ ஊருக்கொரு சாயல். பார்ஸ் மாநிலத்துக் கஷ்காய் மக்கள் நடுப்பரப்பில் கிடைத்த இடத்திலெல்லாம் ஆட்டையும் கோழியையும் நிறுத்திவிடுவர். 'போத்தே' என்னும் நுனி வளைந்த உருவை நம் வீட்டுப் பெண்கள் கண்டால் மாங்காய் என்றே சொல்வர். பட்டுச்சேலைக் கரையிலுள்ள மாங்காயும் அதே உருவந்தான். பாரசீக மொழியில் அச்சொல்லுக்குச் செடி, புதர் என்பதே பொருள்.

எல்லாவற்றினும் நம்மைக் கவர்வது சாயம். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மாதுளந்தோல், பழுப்புக்கு அக்ரோட்டுக் காயின் மேல்தோல். கம்பளி சிறிது சிறிதாகவே தோய்க்கப்படும். ஒரு தடவை தோய்த்த நீலம் மறு தடவையின் நீலத்தோடு ஒத்திராது. அதனால் நடுப்பரப்பில் நிறம் பட்டை பட்டையாக மாறிச் செல்லும். இதற்கு 'அப்ரஷ்' என்று பெயர். ஆலைத் துணிக்குப் பழகிய கண்ணுக்கு இது குறை. அறிந்தோர் இதற்காகவே விலை கொடுக்கின்றனர். கறுப்பு நிறத்துக்கு இரும்புச் சத்தைச் சேர்த்தனர். அது நாளடைவில் கம்பளியையே அரித்துவிடுவதால், கறுப்பு இருந்த இடம் தாழ்ந்து, மற்றைப் பூக்கள் செதுக்கியவைபோல் மேலெழுந்து நிற்கும்.

1856இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் மலிவான சாயங்கள் பாரசீகத்துக் கிராமங்களிலும் புகுந்தன. அரசாங்கம் தடை விதித்தும் பயன் சிறிதே. சாரூக் கம்பளங்களுக்கு நேர்ந்ததோ இன்னும் விந்தை. 1920களில் அமெரிக்கர் ஆழ்ந்த ரோஜா நிறத்தை விரும்பினர். எனவே அங்குச் சென்ற கம்பளங்களை மருந்திட்டு வெளுத்து, தூரிகையால் நிறம் பூசி விற்றனர். இக்காலத்தில் அப்பூச்சைக் கழுவி நீக்குவதற்கும் ஆட்கள் இருக்கின்றனர்!

நெய்தவளின் பெயர் பெரும்பாலான கம்பளங்களில் இல்லை. திங்கட்கணக்கில் தறியின்முன் அமர்ந்து, இடையிடையே அடுப்பையும் குழந்தையையும் கவனித்து, ஆயிரமாயிரம் முடிச்சுகள் போட்டவள் அவள். நூறாண்டு கடந்து அதன் விலை பன்மடங்கு உயர்ந்தபோது அதில் ஒரு காசும் அவள் குடும்பத்தைச் சேரவில்லை. பார்ஸ், காஷான் ஆகிய இரு பகுதிகளின் நெசவுத் திறனை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதுவும் திறனுக்குக் கிடைத்த மதிப்பேயன்றி ஆளுக்குக் கிடைத்ததன்று.

பழங்கம்பளம் வாங்க நேர்ந்தால் முதலில் அதைப் புரட்டிப் பாருங்கள். முன்புறம் மங்கலாகவும் பின்புறம் பளிச்சென்றும் வேறுபட்ட நிறமாக இருந்தால் ஐயுறுக. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் ஒட்டுஞ்சாயம் வெளிப்பட்டுவிடும். சிலவற்றில் ஆண்டு நெய்யப்பட்டிருக்கும். எழுத்தறியாதவள் பார்த்து நெய்ததால் சில வேளை இலக்கங்கள் இடம்வலம் மாறிக் கிடக்கும், அதில் வஞ்சகமில்லை. ஆனால் 1322 என்பதிலுள்ள மூன்றில் சில முடிச்சுகளைப் பிடுங்கி இரண்டாக்கிவிட்டால், 1904இல் நெய்த கம்பளம் 1807ஆம் ஆண்டினதாகிவிடும். அரபி இலக்கத்தில் மூன்றுக்கும் இரண்டுக்கும் வேற்றுமை ஒரு சிறு பல்தான். அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே பணப்பையைத் திறப்பது நலம்.