பழைய கணிப்பொறிக்குப் புதிய இடம்

ஓர் ஊருக்குப் புதிய சாதனம் வந்து இறங்கும் நாளில் மாலையும் சந்தனமும் உண்டு. தலைவர் பேசுவார், சிறுவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பர். அதே சாதனம் ஓய்வு பெறும் நாளை ஒருவரும் கவனிப்பதில்லை. சென்ற முப்பது ஆண்டுகளில் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்த கணிப்பொறிகள் பல, இன்று சாக்குப் போர்த்தப்பட்டு, கால் உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய தட்டிகளுக்கும் இடையே மூலையில் கிடக்கின்றன. இடம் வேண்டும் என்ற நெருக்கடி ஏற்படும்பொழுது, பழைய இரும்புக்காரர் சொன்ன விலைக்கு அவை வண்டியேறுகின்றன.

வயது சென்ற உழவு மாட்டைக் கைமாற்றும்பொழுது நம் விவசாயிகள் இவ்வாறு செய்வதில்லை. வாங்குபவர் யார், அவருடைய தொழுவம் எத்தகையது, இலேசான வேலையாவது கொடுத்து வைத்துக்கொள்வாரா என்று விசாரித்த பிறகே கயிற்றை மாற்றிக் கொடுப்பவர் பலர். இயந்திரங்களின் விஷயத்திலும் இவ்வாறு விசாரித்துக் கொடுத்ததால், ஒரு கணிப்பொறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருக்கிறது. அதன் வரலாறு பிரிட்டனில் நடந்ததாயினும், பொதுச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளத் தக்கதாகும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், ஹார்வெல் என்னும் ஊரில் பிரிட்டிஷ் அரசாங்கம் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. அணு உலைகளை அமைப்பதற்கு வேண்டிய கணக்குகளைப் பட்டதாரி இளைஞர்கள், கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் சிறு கணக்குப் பொறிகளைக் கொண்டு நாள் முழுவதும் போட்டு வந்தனர். சலிப்பூட்டும் வேலை, களைப்பினால் பிழைகளும் நேர்ந்தன. இவ்வேலைக்கென்று டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் ஆகிய மூவர் 1949ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறியை அமைக்கத் தொடங்கினர். 1951இல் அது ஓடத் தொடங்கியது.

அதன் எடை இரண்டரை டன். எண்களை நினைவில் வைப்பதற்கு டெக்கட்ரான் எனப்படும் 828 கண்ணாடிக் குமிழ்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் மந்த வாயு நிரப்பப்பட்டு, பத்து நிலைகள் வட்டமாக அமைந்திருக்கும். ஒரு மின்துடிப்பு வந்தால் செம்மஞ்சள் நிறமான ஒளிப்புள்ளி ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகரும். கடிகார முள்ளைப் பார்த்து மணி சொல்வதைப் போல, புள்ளி நிற்கும் இடத்தைப் பார்த்து அது எந்த எண் என்று சொல்லிவிடலாம். கட்டளைகளைக் கொண்டுசெல்லும் வேலையைத் தொலைபேசி நிலையங்களில் வழங்கிய ரிலே என்னும் மின்காந்த விசைகள் 480 செய்தன. செய்ய வேண்டிய காரியம் இன்னது என்பதைத் துளையிட்ட காகித நாடா அறிவித்தது.

வேகத்தில் இப்பொறி அக்காலத்திலேயே பின்தங்கியதுதான். இரண்டு எண்களைப் பெருக்க ஐந்து முதல் பத்து விநாடிகள் வரை எடுத்துக்கொண்டது. கைப்பொறியில் தேர்ந்த ஒருவர் அதன் அருகே அமர்ந்து போட்டி போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் அதற்குச் சமமாக ஈடு கொடுத்தார்; பிறகு களைத்து எழுந்து போனார். பொறியோ போய்க்கொண்டே இருந்தது. வாரத்திற்கு 80 மணி நேரம் வரை ஆள் காவலின்றியே வேலை செய்தது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓடவிட்டுச் சென்றவர்கள் பத்து நாள் கழித்துத் திரும்பியபோதும் அது ஓடிக்கொண்டிருந்ததாம். காளைகளிலும் இத்தகையவை உண்டு. பந்தயத்தில் பரிசு வாங்கித் தராது. கவலை இறைப்பில் கட்டினால் பொழுது சாயும்வரை நிற்கும்.

1957 வாக்கில் அதைவிடப் பன்மடங்கு வேகமான பொறிகள் வந்துவிட்டன. ஹார்வெல் நிலையத்துக்கு இனி இது வேண்டியதில்லை. இந்த இடத்தில் அங்கிருந்தோர் செய்த காரியம்தான் கவனிக்கத் தக்கது. அவர்கள் ஏலம் கூறவில்லை. தெரிந்தவருக்குத் தூக்கிக் கொடுக்கவுமில்லை. ஆக்ஸ்போர்டு கணித நிலையத்தின் மூலம் கலாசாலைகளுக்கிடையே ஒரு போட்டி நடத்தினர். இப்பொறி கிடைத்தால் அதை எவ்வாறு பயன்படுத்துவோம் என்பதை எந்தக் கலாசாலை நன்கு எடுத்துரைக்கிறதோ, அதற்கே பொறி இனாம் என்பது நிபந்தனை. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கலாசாலை வென்றது. அங்கே அதற்கு ‘விட்ச்’ என்று பெயரிட்டனர். கலாசாலையின் ஊரையும், கற்பித்தற் கருவி என்பதையும், ஹார்வெல்லிலிருந்து வந்தது என்பதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்பெயர் வரும். அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்பது பொருள். மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

ஆராய்ச்சி நிலையத்தில் குறையாக இருந்த மந்தம், வகுப்பறையில் நிறைவாக அமைந்தது. வேகமான பொறியினுள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதிலோ ஒளிப்புள்ளி நகர்வதை மாணவன் பார்க்கிறான், ரிலேக்கள் ‘டக் டக்’கென்று விழுவதைக் கேட்கிறான், கூட்டல் நடப்பதைக் கண்ணெதிரே காண்கிறான். 1973 வரை அது பாடம் கற்பித்தது. பிறகு பர்மிங்காம் நகரத்து அறிவியல் தொழிற்காட்சிச்சாலைக்குச் சென்றது.

1997இல் அந்தக் காட்சிச்சாலை மூடப்பட்டது. பொறியைத் தனித்தனிப் பகுதிகளாகக் கழற்றி, நகரசபையின் சேமிப்புக் கிடங்கில் வைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் அது அங்கே கிடந்தது. 2009இல் பிளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறிக் காட்சிச்சாலையின் அறங்காவலருள் ஒருவரான கெவின் மரல், அக்கிடங்கின் பொருள்களைக் காட்டும் புகைப்படம் ஒன்றில் அதன் கட்டுப்பாட்டுப் பலகை இருப்பதைக் கண்டுகொண்டார். பகுதிகள் பிளெச்லி பார்க்குக்குக் கொண்டுவரப்பட்டன. டெல்வின் ஹால்ராய்டு என்பவர் தலைமையில் தொண்டர்கள், பார்வையாளர்களின் கண்ணெதிரே, மூன்றாண்டுக் காலம் பொறுமையாகப் பழுது பார்த்தனர். 2012 நவம்பர் 20ஆம் நாள் அது மீண்டும் இயங்கியது. அன்றைய விழாவுக்கு, இளமையில் அதனிடம் பாடம் கற்றவர்களும் வந்திருந்தனர். முதலில் செய்யப்பட்ட உறுப்புகளுடனேயே இன்றும் இயங்கும் எண்முறைக் கணிப்பொறிகளில் உலகிலேயே மிகப் பழையது அதுவே.

இதனோடு மற்றொன்றை ஒப்பிடவேண்டும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட ‘எட்சாக்’ என்னும் பொறி, 1949 மே மாதத்தில் முதற்கணக்கைச் செய்தது. ஏறத்தாழ 3,000 வால்வுகள் கொண்ட அதன் புகழ் ஹார்வெல் பொறியினுடையதைவிடப் பன்மடங்கு பெரியது. 1958 ஜூலையில் அதன் வேலை முடிந்தது, அடுத்த பொறிக்கு இடம் வேண்டியிருந்தது, பிரித்துப் போட்டுவிட்டனர். இப்பொழுது அதே பிளெச்லி பார்க்கில், அதைப் போன்ற மாதிரி ஒன்றைத் தொண்டர்கள் 2011இலிருந்து புதிதாகக் கட்டி வருகின்றனர். முழு வரைபடங்கள் இல்லாமையால், பழைய புகைப்படங்களை உற்று நோக்கி எது எங்கே இருந்தது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. தூக்கி எறியப்பட இருந்த வரைபடங்கள் சிலவற்றை முன்னாள் ஊழியர் ஒருவர் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தது 2014இல் தெரியவந்து, வேலை சற்று எளிதாயிற்று. ஒரு நாள் செலவிட்டுத் தாள்களைக் கட்டி வைத்திருந்தால், பிற்காலத்தவருக்குப் பல ஆண்டு உழைப்பு மிச்சமாயிருக்கும்.

புதிய இடம் தேடிக் கொடுத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான பால் ஆலன், பழைய கணிப்பொறிகளை ஓடும் நிலையிலேயே வைத்துக் காட்டும் காட்சிச்சாலை ஒன்றை 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார். பணத்துக்குக் குறைவில்லை. 2018இல் அவர் காலமானார். 2020இல் காட்சிச்சாலை மூடப்பட்டது. இனித் திறக்கப்படாது என்று 2024இல் அறிவிக்கப்பட்டு, பொருள்கள் பல ஏலத்திற்கு வந்தன. ஆகவே, கொடுக்கும் பொழுதே, ‘உங்களால் வைத்துக்கொள்ள இயலாமற் போனால் எங்களுக்கு முதலில் தெரிவிக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

இனி நம் மூலையில் கிடப்பதைப் பார்ப்போம். பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய சாதாரணக் கணிப்பொறி காட்சிச்சாலைக்கு உரியதன்று. அதை வீணாகப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் சில பொருள்கள் வேறு வகை. 1984இல் மத்திய அரசாங்கம் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின்படி, கணிப்பொறிக் கல்விக்காகப் பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ என்னும் பிரிட்டிஷ் பொறியை வழங்கியது. விசைப்பலகையும் பொறியும் ஒரே பெட்டியில் அமைந்திருக்கும். சிவந்த நிறமுள்ள விசைகள் ஒரு வரிசை மேலே இருக்கும். பழைய பள்ளியின் அலமாரியில் இத்தகையது அகப்பட்டால், அதைப் பழைய இரும்பாகக் கருதலாகாது. நம் நாட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட கணிப்பொறிகளுள் அதுவும் ஒன்று.

இன்னொரு காரணம் நம் மொழியைப் பற்றியது. முற்காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் மரக்கால் ஒவ்வோர் அளவாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளும் அவ்வாறே இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண்களை ஒதுக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு ஒரு பொது ஒழுங்கை வகுத்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட தீர்மானங்களும் பயனாளிகள் பட்டியல்களும் கோயில் விழா மலர்களும், எழுதிய எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அந்தப் பழைய பொறிதான் அவற்றை அளக்கும் மரக்கால். ஆகவே, பிளாப்பி தட்டுகளையும் பழைய பொறியையும் பிரிக்காமல், முதலில் உள்ளிருப்பவற்றைப் படித்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, பிறகே கைமாற்ற வேண்டும். பிளாப்பியின் காந்தப் படலத்தில் ஈரத்தினால் பூஞ்சணம் படியுமாதலால், இவ்வேலையை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளாமலிருப்பது நல்லது. குடிமக்களின் சொந்த விவரங்கள் உள்ளிருந்தால், பிரதி எடுத்த பின் அவற்றை அழித்துவிட வேண்டும்.

நெடுநாள் கிடந்த பொறியில், ஓடுகிறதா பார்ப்போம் என்று உடனே மின்சாரம் பாய்ச்சக் கூடாது. டார்ச் விளக்கில் பழைய பாட்டரி ஒழுகித் தகரத்தை அரிப்பதை அறிவோம். கணிப்பொறிக்குள்ளும் சிறு பாட்டரி உண்டு. அதுவும் ஒழுகித் தாமிரக் கோடுகளை அரித்துவிடும். மூடியைத் திறந்து அதை முதலில் அகற்றச் செய்ய வேண்டும். பழைய மின்தேக்கிகள் காலத்தால் கெட்டு, விசை போட்ட மாத்திரத்தில் புகைவது உண்டு. பிபிசி மைக்ரோவுக்கு இது வாடிக்கையான நோய். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைக்குள் உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் தங்கியிருக்கக் கூடுமாதலால், தெரிந்த கைவினைஞரன்றி மற்றவர் அதைத் திறப்பது ஆபத்து. அக்கண்ணாடியில் ஈயமும் கலந்துள்ளது. உடைத்து வாய்க்காலில் போடுவதும், தாமிரத்துக்காகக் கம்பிகளை எரிப்பதும், நம் நிலத்துக்கும் அருகே நிற்கும் பிள்ளைகளுக்கும் நாமே செய்யும் தீங்காகும்.

வைத்துக்கொள்ளத் தகுதியற்றதென்று தெரிந்தவற்றுக்கும் வழி உண்டு. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. குப்பையோடு கலந்து வரும் இத்தகைய பொருள்களைப் பிரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ சேர்ப்பிக்கும் கடமை கிராம உள்ளாட்சிகளுக்கும் உண்டு.

தகுதியுள்ளவற்றுக்கு, அருகிலுள்ள பாலிடெக்னிக், பொறியியற் கல்லூரி, அறிவியல் மையம் ஆகியவற்றுக்கு எழுதிக் கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டோர் விரும்பினால், ஹார்வெல்லில் செய்ததுபோல, எதற்காக வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டு, பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானிக்கலாம். பொதுச் சொத்தாகையால் உரிய அனுமதி பெற்ற பின்பே கொடுக்க வேண்டும். கடிதத்தில் பொறியின் பெயர், செய்த நிறுவனம், வாங்கிய ஆண்டு, எந்த வேலைக்கு வந்தது, யார் அதில் வேலை செய்தார், கடைசியாக எப்பொழுது ஓடியது, கையேடுகளும் தட்டுகளும் எத்தனை என்பவை இருக்க வேண்டும். பின்புறத்துக் கம்பிகளைக் கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்து, எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்று சீட்டுக் கட்டுவது அவசியம். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று பொறியுடன் பெட்டிக்குள் போகட்டும். மற்றொன்றைச் சொத்துப் பதிவேட்டில், அப்பொறி வந்த நாளைக் குறித்த அதே பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.