கோழிக்கும் உறைமோர்!

பாலில் ஒரு துளி மோர் விட்டுப் படுத்தால், விடிவதற்குள் தயிர் தயார்! அந்தத் துளியிலுள்ள நல்ல கிருமிகளின் பங்காளிகள் இன்று கோழித் தீவனத்திலும் சேருகிறார்கள், சகோதரிகளே. ஏன் தெரியுமா?

நோயில்லாத கோழிக்கும், சதை பிடிக்கவென்று ஆன்டிபயாடிக் கொடுப்பதுண்டு. அதற்குப் பழகிய கிருமி நாளை நம் குழந்தையைத் தொற்றினால், மருந்துக்கு அடங்காது. அதனால்தான், மனிதருக்குக் கடைசிப் புகலான ‘கோலிஸ்டின்’ மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது.

1973-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் பெரிய கோழியின் குடற்கிருமிகளைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். வயிற்றைக் கெடுக்கும் ‘சால்மோனெல்லா’ எளிதில் தொற்றவில்லை. சத்திரம் நிறைந்துவிட்டால் திருடனுக்கு இடமேது?

நோய் வந்தபின் மருந்துதான் வேண்டும். வருமுன் காக்கவே இந்த உறைமோர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் உறவினர் உண்டா? மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் யோசனை கேட்கச் சொல்லுங்கள்.