கணனி ஒன்று, பாவிப்போர் பலர்

பொதுக்கிணறு ஒன்றிலே பல வீட்டார் தண்ணீர் அள்ளுகின்றனர். கிணறு பொது. வாளியும் கயிறும் கூடப் பொதுவாக இருக்கலாம். ஆனால் குடம் அவரவருடையது. ஒரு கணனியைப் பலர் பாவிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும்.

இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அந்த வீட்டில் ஒரே ஒரு கணனி. இரண்டு குடும்பங்களும் அதையே பாவிக்கின்றன. ஒரு நாள் பெரியப்பா தமது மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். பின்னர் தம்பியின் மகள் வந்து அமர்கிறாள். தகப்பனின் காணி தொடர்பான கடிதத்தை எழுதி அனுப்புகிறாள். திறந்திருந்தது பெரியப்பாவின் மின்னஞ்சல் என்பதை அவள் கவனிக்கவில்லை. பதில் பெரியப்பாவின் பெட்டிக்கு வந்து சேர்கிறது. அவரோ மாதத்தில் ஒரு தடவைதான் அதைத் திறப்பவர். பதிலிற் குறித்த தவணை கடந்து போகிறது.

இங்கே எவரும் பிழை செய்ய நினைக்கவில்லை. இருக்கையில் ஆள் மாறியது உலாவிக்குத் தெரியவில்லை. அதைத் தெரியப்படுத்தும் வழியைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

உலாவியின் நினைவு

இணையத்தைப் பார்க்க உதவும் செயலியே உலாவி. பயர்பொக்ஸ், குரோம் என்பன பலரும் அறிந்தவை. நாம் பார்த்த பக்கங்கள், குறித்து வைத்த முகவரிகள், சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை உலாவி நினைவில் வைத்திருக்கிறது. நாம் ஒரு தளத்தினுள் நுழைந்திருக்கிறோம் என்பதையும் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பில் எழுதி வைக்கிறது. இவையனைத்தும் சேர்ந்த தொகுப்புக்கே 'புரொபைல்' என்று பெயர். ஒருவருக்கு ஒரு புரொபைல் என்று வைத்துவிட்டால் ஒருவரின் நினைவு மற்றவரின் நினைவோடு கலக்காது.

இந்த எண்ணம் புதியதல்ல. 1997இல் வெளிவந்த நெற்ஸ்கேப் கொம்யூனிக்கேற்றர் என்ற உலாவியிலேயே இவ்வசதி இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட புரொபைல் இருந்தால், தொடங்கும்போதே எது வேண்டும் என்று அது கேட்டது. அதன் வழிவந்த பயர்பொக்ஸின் முதலாவது பதிப்பு 2004இல் இவ்வசதியோடு வந்தது. குரோமில் 2011இல் இது சேர்க்கப்பட்டது.

தொடங்கும்போதே கேட்கட்டும்

விண்டோஸ் கணனியில் பயர்பொக்ஸ் பாவிப்போர் செய்ய வேண்டியவை:

1. திறந்திருக்கும் பயர்பொக்ஸ் யன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள்.

2. விசைப்பலகையில் விண்டோஸ் அடையாளமுள்ள விசையையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் பயர்பொக்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் அதனோடு ஒட்டி ஆங்கிலப் பெரிய 'பீ' எழுத்தும் இட்டு, என்ரர் விசையை அழுத்துங்கள்.

3. புரொபைல்களின் பட்டியல் தோன்றும். முன்பே இருப்பதை அழிக்க வேண்டாம். இதுவரை கூடுதலாகப் பாவித்தவரின் பெயரை அதற்கு இடுங்கள். மற்றவர்களுக்குப் புதிதாக ஒவ்வொன்று உருவாக்குங்கள். ஒன்று, இரண்டு என்று இலக்கமிடாமல் ஆளின் பெயரையே இடுவது நல்லது.

4. பட்டியலின் கீழே, தெரிவு செய்ததைக் கேளாமலே திறப்பதற்கான சிறு கட்டம் உண்டு. அதிலுள்ள சரி அடையாளத்தை நீக்கிவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு முறையும் 'யார்?' என்று பயர்பொக்ஸ் கேட்கும்.

குரோமில் இது இன்னும் இலகு. வலப்பக்க மேல்மூலையில் உள்ள வட்டத்தை அழுத்திப் புதிய புரொபைலைச் சேர்க்கலாம். புரொபைல்களைக் காட்டும் பக்கத்தின் அடியில், தொடங்கும்போது அப்பக்கத்தைக் காட்டுவதற்கான கட்டம் உள்ளது. அதைச் சரியிட்டு வையுங்கள். ஆளுக்கொரு நிறம் கொடுத்தால், யாருடைய யன்னல் திறந்திருக்கிறது என்பதைச் சிறுவரும் கண்டுகொள்வர்.

ஒவ்வொரு தடவையும் கேட்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். 'கேளாமலே திறக்கட்டும்' என்று மறுபடியும் மாற்றி வைப்பார்கள். பழைய சிக்கல் அங்கேதான் திரும்பவும் தொடங்கும்.

வரம்பு வேறு, வேலி வேறு

முக்கியமான ஒன்றை மறக்கக்கூடாது. புரொபைல் என்பது பூட்டு அல்ல. பெயரை அழுத்தினால் யாருடையதும் திறக்கும். வரம்பு வயலைப் பிரிக்கும், மாட்டைத் தடுக்காது. மாட்டைத் தடுக்க வேலி வேண்டும்.

கணனியில் அந்த வேலி, விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்குத் திறந்து தனித்தனிக் கடவுச்சொல் இடுவதாகும். வங்கிக் கணக்கு, அடையாள அட்டைப் பிரதி, காணிப் பத்திரம் போன்றவற்றைக் கையாள்பவர்கள் இதையே செய்ய வேண்டும். பயர்பொக்ஸில் சேமித்த கடவுச்சொற்களுக்கு முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை இட முடியும். எனினும் ஏற்கெனவே திறந்துள்ள மின்னஞ்சலை அது மூடாது. வேலை முடிந்ததும் நாமே வெளியேற வேண்டும்.

வாசிகசாலையிலோ கடையிலோ உள்ள கணனியில் நமக்கென்று புரொபைல் உருவாக்க வேண்டாம். குரோமில் விருந்தினர் முறை உண்டு. அதன் யன்னல்களை எல்லாம் மூடியதும் பார்த்த பக்கங்களின் பதிவு அழிந்துவிடும். ஆனால் இறக்கி எடுத்த கோப்புகள் கணனியிலேயே கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஒருவர் வேறிடம் போய்விட்டார் என்பதற்காக அவரது புரொபைலை உடனே நீக்கவும் வேண்டாம். கோப்புகளோடு நீக்கினால் அவர் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் முகவரிகளும் சேர்ந்தே போய்விடும். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த வேலைக்குச் சில நிமிடங்கள் போதும். வீட்டார் எல்லோரும் இருக்கும் ஒரு மாலை வேளையில் இதைச் செய்யுங்கள். எது யாருடையது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். எழுதிய கடிதத்துக்கு வரும் பதில் எழுதியவர் கைக்கே வந்து சேரட்டும்.