முன்பணம் கொடுத்தவன் கையில் மூக்கணாங்கயிறு!

இரண்டே பேர். ஆலை இல்லை, அலுவலக மாளிகை இல்லை, பின்னால் நின்று பணம் கொட்டும் பங்குதாரர் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து ஒரு வீடியோ விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் ‘ஊப்ளெட்ஸ்’. தோட்டம் போட வேண்டும், சின்னஞ்சிறு பிராணிகளைப் பயிர்போல வளர்க்க வேண்டும், அவற்றை ஆடவிட்டுப் போட்டியில் வெல்ல வேண்டும். வெட்டும் இல்லை, குத்தும் இல்லை.

2019 ஆகஸ்டில் அந்த இருவரும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஆடுவோருக்கு இந்த விளையாட்டு முதலில் ‘எபிக்’ கம்பெனியின் கடையில் மட்டுமே கிடைக்கும் என்பதுதான் அறிவிப்பு. அவ்வளவுதான்! ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன வசைகள். விலைபோய்விட்டார்கள் என்றார்கள். கொலை மிரட்டலும் விடுத்தார்கள். அறிவிப்பைச் சற்றுக் கேலி கலந்து எழுதியிருந்தார்கள் என்பது உண்மை. அதற்குத் தண்டனை கொலை மிரட்டலா?

என்ன குற்றம் செய்தார்கள் அந்த இருவரும்? செய்த வேலைக்குக் கூலி உறுதியாகக் கிடைக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இதைக் குற்றம் என்று சொல்லுமுன், அந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், தோழர்களே! விளையாட்டுச் சமாசாரம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். உள்ளே இருப்பது உழைப்பவனுக்கும் தரகனுக்கும் உள்ள பழைய வழக்குத்தான்.

கம்ப்யூட்டர் விளையாட்டு இன்று பெரும்பாலும் பெட்டியில் வைத்து விற்கப்படுவதில்லை. இணையத்தில் கடை, காசு கட்டினால் வீட்டுக்கே இறங்கிவிடும். இந்தக் கடைகளில் பெரியது ‘ஸ்டீம்’. வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-ல் தொடங்கியது. நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய் கடைக்காரனுக்கு, எழுபதுதான் செய்தவனுக்கு. இரவு பகல் கண் விழித்தவனுக்கு எழுபது. பட்டியலில் பெயர் எழுதி வைத்தவனுக்கு முப்பது!

அந்த முப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2018 முடியும் தறுவாயில் ஸ்டீம் ஒரு சலுகை அறிவித்தது. ஒரு விளையாட்டின் வசூல் ஒரு கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகைக்குத் தரகு இருபத்தைந்து சதவிகிதம். ஐந்து கோடி டாலரைத் தாண்டினால் இருபது. ஒரு கோடி டாலர் விற்பனை யாருக்கு? மாளிகை கட்டி ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கும் பெரும் கம்பெனிக்கு. அறை வாடகைக்கு அல்லாடும் இருவருக்கு? முழு முப்பது! வலுத்தவனுக்கு விலக்கு, இளைத்தவனுக்கு இழுக்கு!

அடுத்த சில நாட்களில், 2018 டிசம்பரில், போட்டிக் கடை திறந்தது எபிக். ‘ஃபோர்ட்நைட்’ என்ற விளையாட்டில் கொள்ளை கொள்ளையாய்ச் சம்பாதித்த கம்பெனி அது. “எங்களுக்குப் பன்னிரண்டு போதும், எண்பத்தெட்டு உங்களுக்கு” என்றது. நல்ல பேச்சுத்தான். ஆனால், ஆட்கள் பழகிய கடையை விட்டு வருவார்களா? வாங்கிய விளையாட்டெல்லாம் அங்கே. கூடி ஆடும் நண்பர்களெல்லாம் அங்கே. ஆகவே எபிக் பணப்பையை அவிழ்த்தது. “ஆறு மாதமோ ஓராண்டோ, எங்கள் கடையில் மட்டும் விற்றுக் கொடு. விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு தொகைக்கு நாங்கள் பொறுப்பு” என்றது. இதுதான் ‘ஒரே கடை ஒப்பந்தம்’.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விளையாட்டின் விலை ஆயிரம் ரூபாய். செய்தவன் பங்கு எண்ணூற்று எண்பது. கடைக்காரன் கொடுக்கும் உறுதித் தொகை 88 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது பத்தாயிரம் பேர் வாங்கினால் வரக்கூடிய தொகை. ஏழாயிரம் பேர்தான் வாங்கினார்கள் என்றால் நட்டம் கடைக்காரனுக்கு. செய்தவனுக்கு 88 லட்சம் நிச்சயம். பதினோராயிரம் பேர் வாங்கினால், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்த ஆயிரம் பேருக்கு மட்டுமே செய்தவன் கையில் புதிதாகக் காசு வரும். ஆக, அது தானமல்ல. விற்பனையில் கழித்துக்கொள்ளும் முன்பணம். ஆனால் விற்காமல் போனால் வரும் ஆபத்தைக் கடைக்காரன் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான்.

சிறிய தயாரிப்பாளனுக்கு அந்த ஒரு வரிதான் உயிர். ஒரு விளையாட்டை முடிக்க மூன்று ஆண்டு ஆகும், நான்கு ஆண்டும் ஆகும். அதுவரை கையிருப்பைக் கரைப்பான், கடன் வாங்குவான், வெளியீட்டுக் கம்பெனியிடம் பங்கை எழுதிக் கொடுப்பான். முடித்து வந்தால் சந்தையில் என்ன நிலை? 2024 ஒரே ஆண்டில் ஸ்டீமில் இறங்கிய விளையாட்டுகள் பதினெட்டாயிரத்துக்கும் மேல்! அந்த வெள்ளத்தில் நம் பண்டம் தெரியுமா, மூழ்குமா? யார் சொல்ல முடியும்? எல்லாக் கடைகளிலும் விற்றால் எவ்வளவு வரும் என்று எதிர்பார்த்தோமோ அதற்கு ஈடான தொகைக்கு உறுதி கிடைத்தது என்று ஊப்ளெட்ஸ் செய்தவர்களே சொன்னார்கள். அடுப்பு எரிய வழி கிடைத்தவனைப் பார்த்து, “நீ ஏன் பட்டினி கிடக்கவில்லை?” என்று கேட்பது என்ன நியாயம்?

வாங்குவோர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ‘ஃபீனிக்ஸ் பாயிண்ட்’ கதையைக் கேளுங்கள். பல்கேரியாவின் சோபியா நகரில் உள்ள ஸ்னாப்ஷாட் என்ற கம்பெனி, 2017-ல் பொதுமக்களிடம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பணம் கொடுத்தவர்களுக்கு ஸ்டீம் போன்ற பழகிய கடை வழியாகவே விளையாட்டு தரப்படும் என்பது பேச்சு. 2019 மார்ச்சில் எபிக்குடன் கையெழுத்தாயிற்று. ஓராண்டுக்கு அந்தக் கடையில் மட்டும்! வேண்டாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், உண்மை. ஆனால் கையில் காசு இல்லாத காலத்தில் நம்பிக் கொடுத்தவனிடம் சொன்ன சொல் என்னாயிற்று? முன்பணம் வாங்கும்போது முன் கொடுத்த வாக்கையும் நினைக்க வேண்டும். இந்தக் கண்டனம் நியாயமானது. கண்டனம் வேறு, கொலை மிரட்டல் வேறு.

சரி, எபிக் வள்ளலா? அதையும் பார்ப்போம். எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் கணக்குகள் வெளிவந்தன. 2020-க்கு மட்டும் எபிக் ஒப்புக்கொண்ட உறுதித் தொகை 44 கோடி 40 லட்சம் டாலர்! எல்லாம் ஏழைத் தயாரிப்பாளனுக்கா? ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ என்ற ஒரே பெரும் கம்பெனி விளையாட்டுக்குக் கொடுத்த உறுதி மட்டும் 8 கோடி டாலர். பந்தியில் தலைவாழை இலை பெரிய இடத்துக்கு. சிறியவனுக்குக் கடைசி வரிசை. கடைசி வரிசையிலும் சோறு விழுந்தது என்பது உண்மை. ஆனால் அது பசி பார்த்துப் போட்ட சோறு அல்ல. எதிர்க்கடையின் கூட்டத்தை இழுக்கப் போட்ட சோறு.

கூட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை. சோறு என்ன ஆயிற்று?

2023 செப்டம்பரில் எபிக் சுமார் 830 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. நூற்றுக்குப் பதினாறு பேர்! ஒரே கடை ஒப்பந்தங்கள் சில நன்றாகப் பலித்தன, பல நல்ல முதலீடாக அமையவில்லை என்று அதன் தலைவர் டிம் ஸ்வீனி 2024-ல் ஒப்புக்கொண்டார். 830 பேருக்கு முன்னமே, 2023 ஆகஸ்டில், புதுத் திட்டம் ஒன்றும் வந்திருந்தது. “ஆறு மாதம் எங்களிடம் மட்டும் விற்று வா, அந்த ஆறு மாத நிகர வருமானம் நூற்றுக்கு நூறும் உனக்கே!”

நூற்றுக்கு நூறு! காதுக்கு இனிமை. கணக்குக்கு? முன்பு எண்பத்தெட்டு, ஆனால் கையில் உறுதிப் பணம். இப்போது நூறு, உறுதிப் பணம் பேச்சில் இல்லை. விற்றால் நூறு, விற்காவிட்டால் பூஜ்யம். மற்றக் கடைகளை மூடிக்கொள்ள வேண்டும் என்ற கட்டு மட்டும் அப்படியே! கயிறு இருக்கிறது, தீனியைக் காணோம். ஆபத்து மீண்டும் உழைப்பவன் தலைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இதுதான் நாம் சொல்ல வந்தது, தோழர்களே! இரண்டு யானைகள் மோதும்போது சிதறும் கரும்பைப் பொறுக்கியவனைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் கரும்பையே விளைச்சல் என்றும் நம்பாதீர்கள். மோதல் ஓய்ந்தால் கரும்பும் ஓயும்.

நிலையான பாதுகாப்பு எது? எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்தும் நியாயமான தரகு விகிதம். எபிக் 2025 ஜூன் முதல், ஒவ்வொரு விளையாட்டின் ஆண்டு வசூலிலும் முதல் பத்து லட்சம் டாலருக்குத் தரகே இல்லை என்று விதி செய்தது. 2018-ல் ஸ்டீம் செய்ததற்கு இது நேர் எதிர்: அங்கே மேலே இருப்பவனுக்குச் சலுகை, இங்கே கீழே இருப்பவனுக்கு. கதவைச் சாத்திக் கொடுக்கும் முன்பணத்தைவிட, எங்கும் விற்றுக்கொள் என்று விட்டுவிட்டுத் தரகைக் குறைப்பது மேல். முன்னது ஒருவன் தயவு. பின்னது எல்லோருக்கும் விதி.

அந்த விதியும் நிலைக்க வேண்டுமானால், தனித்தனியே கடைவாசலில் நின்றால் போதாது. 2025 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடியோ விளையாட்டுத் தொழிலாளர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவன் மட்டுமல்ல, வேலை இழந்தவனும், தனியே ஒப்பந்த வேலை செய்பவனும் அதில் சேரலாம். பிள்ளை இப்போதுதான் நிற்கிறது, நடக்க நாளாகும்.

ஊப்ளெட்ஸ் 2022-ல் முழு வடிவில் வெளிவந்தது. திட்டியவர்கள் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். விளையாட்டு மிஞ்சியது, செய்த கைகளும் மிஞ்சின. அன்று அந்தக் கைகள் போட்ட கையெழுத்துக்காகக் காறித் துப்பியவர்கள் ஒரே ஒரு கேள்வியை எதிர்க்கடையில் கேட்டிருக்கலாம்: “முப்பது ஏன்?”

அந்தக் கேள்வி இன்றும் காத்திருக்கிறது.