வில்லை பேசும், சாட்சி யார்?

சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்திச் சில்லறை எண்ணிக் கொடுத்த காலம் ஏறக்குறையப் பழங்கதையாகிவிட்டது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் தடங்கள் யாவும் பாஸ்டேக் தடங்களாயின. கண்ணாடியில் ஒட்டிய சிறு வில்லையே கட்டணத்தைச் செலுத்திவிடுகிறது. அவ்வில்லையை வியக்காதவர் இல்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. எந்த வண்டி, எந்தத் தடம், எந்த நேரம் என்பவற்றைச் சொல்பவை அதைச் சூழ்ந்து நிற்கும் வேறு கருவிகள். என் தந்தையார்மீது ஒரு பழி வந்திராவிட்டால், இயற்பியல் மாணவனாகிய நானும் அவற்றைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். தந்தையார் லாரி ஓட்டுநர். வைகாசியில் பண்ருட்டிப் பலாவை ஏற்றிக்கொண்டு சென்னைக் கோயம்பேட்டுக்குப் போவார். ஓர் இரவு வழியிலிருந்த சாவடி ஒன்றில் (பெயர் வேண்டாம்) எங்கள் வில்லையிலிருந்து சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டது. குறுஞ்செய்தி முதலாளியின் கைப்பேசிக்குத்தான் போகும். "வில்லையைப் பெயர்த்துக் கொடுத்து, தெரிந்தவன் வண்டியைத் தாண்டிவிட்டாய்" என்றார் அவர். வில்லையின் ஓரம் உண்மையிலேயே சற்றுப் பெயர்ந்திருந்தது. அப்படி வில்லையைக் கையில் வைத்துக் காட்டுவோரும் நாட்டில் இருக்கிறார்கள். அத்தகைய வில்லைகளை முடக்கப்போவதாக 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையமே அறிவிக்க நேர்ந்தது. ஆகவே தந்தையாரின் பேட்டாவில் அந்தத் தொகை கழிக்கப்பட்டது. பணத்தைவிட அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் கரும்பலகையில் போட்ட படத்தைத்தான் இங்கே எழுத்தில் தர முயல்கிறேன்.

வில்லைக்குள் மின்கலம் கிடையாது. ஒரு மெல்லிய உலோக ஆன்டெனாவும் மணலளவு சில்லும் உண்டு, அவ்வளவே. சாவடியின் கூரையிலுள்ள ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைப் பொழிகிறது. அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். இந்த அலையிலிருந்தே உயிர் பெறும் சில்லு, அதையே கூட்டியும் குறைத்தும் எதிரொளித்துத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. பள்ளியில் முகக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து எதிர் வகுப்பின் சுவரில் அடித்து விளையாடினோமே, அதே வித்தைதான். எதிரொளியால் செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மேன் 1948-ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதிவிட்டார். இந்திய நெடுஞ்சாலைகளுக்கு மின்கலமில்லாத இந்த மலிவான வில்லையே போதும் என்று நந்தன் நிலேகணி தலைமையிலான குழு 2010-இல் பரிந்துரைத்தது. வில்லையை எளிதாக்கினால் அறிவை எங்கேனும் வைத்தாக வேண்டுமல்லவா? அது சாலையிலும் கூரையிலும் வைக்கப்பட்டது.

முதலாவது, தரையில் புதைந்த கம்பிச்சுருள். சாலையில் காடி வெட்டி, சில சுற்றுக் கம்பி பதித்து, தார் போன்ற பசையால் மூடிவிடுவார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உலோக உடலுள்ள வண்டி அதன்மேல் வந்ததும் அவ்வுலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது; சுருளின் மின்தூண்டல் குறைகிறது; அலைவியற்றியின் அதிர்வெண் ஏறுகிறது. "வண்டி வந்துவிட்டது" என்பதற்கு அதுவே அறிகுறி. நாம் ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் சோதனை அங்கே நாள் முழுவதும் நடக்கிறது! ஆனால் லாரியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருப்பதால் விளைவு குறையும். நெருங்கி வரும் இரண்டு வண்டிகள் ஒன்றாகவும் தோன்றலாம். அதனால் குறுக்கே அகச்சிவப்புக் கதிர்களை வரிசையாக ஓடவிட்டு, கதிர் அறுபடுவதையும் மீள்வதையும் கொண்டு வண்டிகளைப் பிரித்தறிகிறார்கள். அச்சுகளை எண்ணும் உணரிகளும் உண்டு. இரண்டு அச்சு வண்டிக்குரிய வில்லையை மூன்று அச்சு லாரியில் ஒட்டியிருந்தால் அங்கே குட்டு வெளிப்படும்.

ஆன்டெனாவைப் பொருத்துவதுதான் பெரிய வேலை. தன் தடத்தை மட்டும் நனைக்கும் பூவாளிபோல அது சாய்ந்திருக்க வேண்டும். காற்றிலோ பராமரிப்பின்போதோ சற்றுத் திரும்பிவிட்டால் பக்கத்துத் தடமும் நனையும். ரீடரிலிருந்து ஆன்டெனாவுக்குச் செல்லும் கேபிளும் அற்பமானதன்று. மெல்லிய கேபிளைப் போட்டால் பத்து மீட்டருக்குள் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வீணாகிவிடும். அதை ஈடுகட்ட ரீடரின் ஆற்றலைக் கூட்டிவிட்டு, பிறகு நல்ல கேபிள் மாற்றினால் அலை எல்லை மீறும். போதாக்குறைக்கு, அருகில் நிற்கும் கண்டெய்னரின் இரும்புச் சுவர் அலையைத் திருப்பி அடிக்கும்.

அன்றிரவு நடந்தது இதுதான். பக்கத்துத் தடத்தில் வந்த லாரியின் வில்லை பேசவில்லை. கம்பிச்சுருளோ வண்டி இருக்கிறது என்றது. அந்தத் தடத்தின் ஆன்டெனா, வரிசையில் அருகே நின்றிருந்த எங்கள் வில்லையின் குரலைக் கேட்டது. கணினி இரண்டையும் முடிச்சுப் போட்டது. தடுப்புக் கட்டை உயர்ந்தது, பணம் எங்களுடையது.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். கிடங்கு வாசலில் வில்லை ஒட்டிய பெட்டி போனால், ரீடருக்கு எண் தெரியுமே தவிர, பெட்டி உள்ளே வந்ததா வெளியே போனதா என்று தெரியாது. வாசலின் இருபுறமும் இரண்டு ஒளிமின் கண்களை வைத்து, எந்தக் கதிர் முதலில் அறுந்தது என்று பார்த்தே திசையை அறிவார்கள். தவறான பெட்டி என்றால் சிவப்பு விளக்கும் மணியும் எழும். ரயில்வே தன் சரக்கு வேகன்களுக்கு வில்லை ஒட்டி, தண்டவாளத்தின் ஓரத்தில் ரீடர் நாட்டுகிறது. அங்கே சக்கரங்களை எண்ணும் உணரிகள் துணை. கடலூர் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலாப்பழக் கூடையில் வில்லை ஒட்டலாமா என்று நான் கேட்டதற்குப் பேராசிரியர் சிரித்தார். நீர் நிறைந்த பழம் இந்த அலையை விழுங்கிவிடுமாம்.

இவ்வளவையும் தந்தையாரிடம் சொன்னேன். அவர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி நம்பவில்லை, ஆயினும் 1033 என்ற எண்ணிலும், வில்லை வழங்கிய வங்கியிலும் புகார் கொடுத்தார். தடந்தோறும் ஒரு கேமரா உண்டல்லவா? இரண்டாம் கட்டணத்துக்குரிய படத்தில் இருந்தது எங்கள் லாரி அன்று. வேறு எண் பலகை, வேறு நிறம். எங்கள் லாரியின் விளக்கு மட்டும் ஓரத்தில் தெரிந்தது. பணம் திரும்பியது. முதலாளி அடுத்த நடையின் பேட்டாவோடு கழித்த தொகையைச் சேர்த்துக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சாவடியைக் கடந்ததும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தந்தையார் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார். "மூணாவது தடத்துல அந்தப் பொட்டி கொஞ்சம் சாஞ்சிருக்குடா தம்பி" என்கிறார்.