புகைக்கும் ஒரு வழி வேண்டும்

கேஸ் வந்த பிறகும் அப்பத்தா விறகடுப்பை விடவில்லை. "வெந்நிக்கும் நெல் அவிக்கவும் சிலிண்டர் கட்டுப்படியாகுமாடா?" என்பார், கண்ணைக் கசக்கிக்கொண்டே. போன தை மாதம் எங்கள் திருமயம் ஓட்டு வீட்டில் புகைபோக்கி அடுப்புப் போட்டோம்.

கண்மாய் மண்ணும் உமியும் குழைத்த இரட்டை அடுப்பு. முதல் வாயில் எரியும் தீயின் அனல் உள்துளை வழியே இரண்டாவது பானையைச் சுடவைக்கும். புகை குழாயில் ஏறிவிடும். யோசனை புதிதல்ல. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே இதைப் பற்றி எழுதினார். 1980-களில் மத்திய அரசு நாடெங்கும் பரப்பியது.

கொத்தனாரிடம் கறாராகச் சொன்னேன்: "குழாய் நாலு அங்குலம் இருக்கணும், முகட்டுக்கு மேல ரெண்டடி நிக்கணும், மேல மழைத்தொப்பி வேணும். கூரைச் சட்டம் குழாயை ஒட்டவே கூடாது." ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம் என்றேன், அதை அறுக்கும்போது பறக்கும் தூசி புற்றுநோய் தரும்.

தப்பு செய்தது நான்தான். ஈர விறகை அடுப்பு மேட்டிலேயே காயவைத்தேன். ஒரு மட்டை கருகிப்போனது. இப்போது விறகு மூன்றடி தள்ளி.

மாதம் ஒருமுறை குழாயில் கரி தட்டுங்கள். கங்கு கனன்றிருக்கையில் கதவு, சன்னலைச் சாத்திப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.