சூப்பர்வைசரின் காலும் முதுகும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு ஓடும் ஆலைகளில் கேன்டீன் அடுப்பும் இரவில் அணைவதில்லை. அங்கே சூப்பர்வைசர் என்ற பெயரில் இருப்பவர், ஆள் வராத நாளில் சாம்பார் அண்டாவின் ஒரு பக்கக் காதைப் பிடிக்கிறார், பரிமாறுகிறார், தட்டு குறைந்தால் கழுவவும் செய்கிறார். டாஸ்மாக் கடை மேற்பார்வையாளருக்கும் இதே பாடுதான். பகல் 12 மணிக்குத் திறக்கும் கடை இரவு 10 மணிக்குத்தான் மூடுகிறது. அங்கே அவர் தூக்கி இறக்கும் குவார்ட்டர் பெட்டி ஒன்றில் 180 மில்லி பாட்டில்கள் 48. சரக்கு மட்டுமே எட்டரை லிட்டருக்கு மேல், கண்ணாடியின் எடை தனி.

மணிக்கணக்கில் நின்றால் காலில் ரத்தம் தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும், குதிகால் வலிக்கும். குனிந்து தூக்கினால் இடுப்பு போகும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அசதி என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

உட்கார இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. நின்றே வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. கடை ஊழியர்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் தனியாகவே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

“நீங்க ஸ்டாஃப், உங்களுக்கு ஓ.டி. கிடையாது” என்பதுதான் கூடுதல் நேர வேலைக்குக் காசு கேட்டால் வரும் வழக்கமான பதில். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவரைத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பதவிப் பெயரைப் பார்க்காதே, முதன்மையாகச் செய்யும் வேலை எது என்று பார் என்று சீபா கெய்கி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லீவு கொடுக்கவோ ஆளை எடுக்கவோ அதிகாரமில்லாமல் நாள் முழுக்கப் பெட்டி தூக்குபவர் பேட்ஜில் சூப்பர்வைசர் என்று இருப்பதாலேயே அதிகாரி ஆகிவிட மாட்டார். இதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். டியூட்டி சார்ட்டைப் படமெடுத்து வையுங்கள். “இன்னிக்கு கவுன்ட்டர்ல நில்லுங்க” என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

வழுக்கி விழுந்தாலோ எண்ணெய் கொட்டினாலோ அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பலர் ஒரு வாரம் வலியைப் பொறுத்துக்கொண்டு, பிறகு எங்கே விழுந்தோம் என்பதற்கே சாட்சியில்லாமல் தவிக்கிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதமும், பொதுவான நோய்க்கு 70 சதவீதமும் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பணம் கட்டாவிட்டால் ஆலை நிர்வாகமே பொறுப்பு. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.